ஊர்ப் பெரியவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம்: முன்மொழிவு முதல் மேடை வரை

"ஏனுங்ணா, ஒரு கௌரவ டாக்டர் பட்டம் வாங்கோணும். எவ்வளவுங்க ஆகும்?"

சில மாதங்களுக்கு முன்னால் காங்கேயம் பக்கத்திலிருந்து வந்த போன் இது. பேசியவன் வள்ளி கும்மி ஆடும் பையன். பட்டம் அவனுக்கில்லை. அவனுக்கும் சுற்றுவட்டாரத்தில் சில நூறு பேருக்கும் கும்மி சொல்லிக்கொடுத்த வாத்தியாருக்கு. எழுபதைத் தாண்டிய மனிதர், பள்ளிக்கூடப் படிப்பு ஐந்தாவதோடு சரி. நான் ஒரு பல்கலைக்கழகத்தின் பட்டமளிப்புப் பிரிவில் பல வருடம் கோப்பு பார்த்து ஓய்வு பெற்றவன். அதை யாரோ சொல்லி என் நம்பரை அவனுக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

விலை கேட்டான் என்பதற்காக அவனை நான் கடிந்துகொள்ளவில்லை. ஓட்டலில் ஹால் எடுத்து, வருகிறவர்களுக்கெல்லாம் அங்கி மாட்டிவிட்டு, 'டாக்டர்' என்று சான்றிதழ் நீட்டும் கூட்டங்களை அவன் பார்த்திருக்கிறான். அப்படி ஒரு கூட்டம் வாத்தியாரையே தேடி வந்து நாற்பதாயிரம் கேட்டிருக்கிறது. அவன் கண்ணுக்கு அது மஞ்சள் மண்டி மாதிரி, ஏலம் கேட்டால் கிடைக்கும் சரக்காகத்தானே தெரியும்?

அன்றைக்கு ஒரு மணி நேரம் பேசினோம். அதன்பிறகு நான்கைந்து தடவை வீட்டுக்கே வந்துவிட்டான். அவனுக்குச் சொன்னதையெல்லாம் வரிசைப்படுத்தி எழுதிவைத்தால் இன்னும் நாலு பேருக்கு உதவும் என்று தோன்றியது.

பட்டத்தின் வகை

தேர்வு, ஆய்வேடு, வருகைப்பதிவு எதையும் கேட்காமல், ஒருவர் வாழ்நாளில் செய்த வேலையைப் பார்த்துப் பல்கலைக்கழகம் தானே முன்வந்து கொடுப்பது கௌரவப் பட்டம். மதிப்புறு முனைவர் என்றும் எழுதுகிறார்கள். பதிவில் கிடைக்கும் மிகப் பழைய கௌரவப் பட்டம் 1470களின் கடைசியில் ஆக்ஸ்போர்டு கொடுத்தது. வாங்கியவர் லயனல் உட்வில், அன்றைய இங்கிலாந்து அரசனின் மைத்துனர். மச்சான் செல்வாக்கு அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது என்று நாங்கள் அலுவலகத்தில் சொல்லிச் சிரிப்போம்.

இலக்கியம், கலை, சமூகப் பணி என்றால் பெரும்பாலும் டி.லிட். அறிவியல், தொழில்நுட்பம், வேளாண்மை என்றால் டி.எஸ்சி. சட்டம், பொதுவாழ்வு என்றால் எல்.எல்.டி. பி.எச்டி.யைக் கௌரவமாகக் கொடுப்பது நல்ல வழக்கமில்லை, அது உட்கார்ந்து ஆய்வு செய்து வாங்க வேண்டியது. யாராவது 'கௌரவ பி.எச்டி. தருகிறோம்' என்று வந்தால் அந்த இடத்திலேயே உஷாராகிவிடுங்கள்.

ஒரே ஆள் இரண்டும் வைத்திருக்கலாம். கோவை வேளாண் கல்லூரியில் படித்த எம்.எஸ். சுவாமிநாதன் 1952இல் கேம்பிரிட்ஜில் ஆய்வு செய்து பி.எச்டி. வாங்கினார். அதன்பிறகு உலகம் முழுக்கப் பல்கலைக்கழகங்கள் கொடுத்த கௌரவ டாக்டர் பட்டங்கள் எண்பதைத் தாண்டும். முதலாவது அவர் எழுதி வாங்கியது, மற்றவை அவரைத் தேடி வந்தவை.

முதல் வேலை: எந்த வாசலைத் தட்டுவது?

பாதிப் பேர் தடுமாறுவது இங்கேதான். "எங்க காலேஜ் தாளாளர் நமக்கு வேண்டப்பட்டவருங்க, அவரே குடுத்துருவாருங்க" என்றான் பையன். முடியாது. பட்டம் கொடுக்கும் உரிமை யாருக்கு உண்டு என்பதைப் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம், 1956, 22ஆம் பிரிவில் சொல்கிறது. மத்திய அல்லது மாநிலச் சட்டத்தால் உருவான பல்கலைக்கழகம், மத்திய அரசு பல்கலைக்கழக அந்தஸ்து கொடுத்த நிகர்நிலைப் பல்கலைக்கழகம், நாடாளுமன்றம் தனிச்சட்டம் போட்டு அதிகாரம் கொடுத்த நிறுவனம், இந்த மூன்றும்தான். கொங்கு நாட்டில் எத்தனை ஏக்கர் வளாகம் வைத்திருந்தாலும், தன்னாட்சி என்று போர்டு மாட்டியிருந்தாலும், ஒரு கல்லூரி தன் பெயரில் பட்டம் கொடுக்க முடியாது. அங்கே படித்தவர்களுக்கே பட்டம் தருவது அந்தக் கல்லூரி இணைந்திருக்கும் பல்கலைக்கழகம்தான்.

நம் பக்கத்துக் கணக்கு இப்படி. கோவை, திருப்பூர், ஈரோடு, நீலகிரிக்குப் பாரதியார் பல்கலைக்கழகம், 1982இல் தொடங்கியது. சேலம், நாமக்கல்லுக்கு 1997இல் வந்த பெரியார் பல்கலைக்கழகம், தருமபுரி, கிருஷ்ணகிரியும் அதனோடு சேரும். கரூர் மட்டும் திருச்சி பாரதிதாசன் பக்கம் போய்விட்டது. உழவர்கள், விதை காப்பவர்கள், நீர் மேலாண்மை செய்தவர்கள் என்றால் 1971இல் பல்கலைக்கழகமான கோவை வேளாண் பல்கலைக்கழகத்தைப் பார்க்கலாம். இவை தவிர அவினாசிலிங்கம், அமிர்தா, காருண்யா, கற்பகம் என்று கோவையிலேயே நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன.

எல்லையை ஒட்டித்தான் போக வேண்டும் என்று சட்டமில்லை. ஆனால் அந்த ஆளின் வேலையை அறிந்த துறை எங்கே இருக்கிறதோ, அங்கே போவது புத்திசாலித்தனம். கும்மி வாத்தியாருக்கு நாட்டார் கலையைத் தெரிந்த தமிழ்த் துறை உள்ள இடமாகப் பார்த்தோம். நெசவுக்காரர் என்றால் வேறு இடம் தேட வேண்டியிருந்திருக்கும்.

வாசலை முடிவு செய்ததும் அந்தப் பல்கலைக்கழகத்தின் சட்டத்தையும் விதிகளையும் எடுத்து, 'கௌரவப் பட்டங்கள்' என்ற பகுதியைப் படித்துவிடுங்கள். இணையதளத்தில் இல்லையென்றால் பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்கலாம். முப்பது நாளில் பதில் தர வேண்டும்.

போலியைக் கண்டுபிடிக்க

நாற்பதாயிரம் கேட்ட கூட்டத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன்.

2023 பிப்ரவரியில் சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்து அரங்கிலேயே ஒரு தனியார் அமைப்பு விழா நடத்தித் திரைப்பிரபலங்கள் உட்படப் பலருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. அதற்கும் பல்கலைக்கழகத்துக்கும் சம்பந்தமே இல்லை, அரங்கைத்தான் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். பல்கலைக்கழகம் போலீசில் புகார் கொடுத்த பிறகுதான் வாங்கியவர்கள் பலருக்கே விஷயம் தெரிந்தது. பெரிய பெரிய ஆட்களே ஏமாந்திருக்கிறார்கள், நம் வாத்தியார் எம்மாத்திரம்?

சோதிக்க மூன்று கேள்வி போதும். சான்றிதழில் கையெழுத்திடுவது யார்? பட்டம் கொடுக்கப் பல்கலைக்கழகத்தின் நிர்வாகக் குழுவான சிண்டிகேட்டோ அதற்கு நிகரான குழுவோ தீர்மானம் போட்டிருக்கிறதா, எந்தத் தேதி? பணம் கேட்கிறார்களா? 'பதிவுக் கட்டணம்', 'அங்கி வாடகை', 'நன்கொடை' என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அது பணம்தான். முறையான பல்கலைக்கழகம் பட்டம் பெறுபவரிடம் ஒரு பைசா கேட்காது, போக்குவரத்தும் தங்குமிடமும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை மானியக் குழு தன் தளத்தில் போட்டுவைத்திருக்கிறது, அதையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

1956ஆம் வருடச் சட்டத்தில் உரிமையில்லாமல் பட்டம் கொடுப்பவருக்கு அபராதம் அதிகபட்சம் ஆயிரம் ரூபாய். அவர்கள் விழாவுக்கு அடிக்கும் பிளக்ஸ் செலவுகூட அதைவிட அதிகம். மோசடி வழக்கு தனியாகப் போடலாம், அது வேறு.

ஆவணக் கோப்பு

இதற்குத்தான் அதிக நாள் பிடிக்கும். மாதக் கணக்கில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பையன் முதலில் கொண்டுவந்தது ஒரு பை நிறையச் சால்வை போட்டோ. எந்த விழா, எந்த வருடம் என்று கேட்டால் தெரியவில்லை. எம்.எல்.ஏ. பக்கத்தில் நிற்கும் போட்டோவை மேலே வைத்திருந்தான். அதை எடுத்து அடியில் வைத்தேன். மாநிலப் பல்கலைக்கழகச் சட்டங்கள் பலவற்றில் கௌரவப் பட்டத்துக்குச் சொல்லியிருக்கும் தகுதி, அந்த ஆளின் சிறந்த சாதனையும் சமூகத்தில் அவருக்கு இருக்கும் இடமும். அரசியல்வாதி பக்கத்தில் நின்றதை யாரும் சாதனை என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

பிறகு நாங்கள் சேர்த்தவை: வாத்தியார் கையால் பாட்டு எழுதிய நோட்டுகள், பதினொன்று இருந்தன, ஒன்று கரையான் அரித்தது. அதையும் அப்படியே ஸ்கேன் எடுத்தோம். அரங்கேற்றம் நடந்த ஊர்களின் பட்டியல், வருடத்தோடு. தேதி தெரியாத ஊர்களுக்குக் கோயில் நோம்பி (திருவிழா) எந்த மாதம் என்று கேட்டுக் கணக்குப் போட்டோம். அழைப்பிதழ் கிடைத்தால் அதன் நகல். பெண்களையும் குழந்தைகளையும் ஆட்டத்துக்குள் கொண்டுவந்தது எந்த வருடத்தில், எந்த ஊரில் என்ற விவரம். அவரிடம் கற்றுத் தனியாகக் குழு நடத்துபவர்களின் பெயர்கள். கும்மி ஆட்டத்தின் காணொளி, அதிலும் அவர் அடவு சொல்லிக்கொடுக்கும் இடம். பத்திரிகைச் செய்திகளில் பெயர், பத்திரிகை, தேதி மூன்றும் தெரிகிற மாதிரி வெட்டாமல் எடுத்த நகல்.

அப்புறம் கடிதங்கள். இதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். மாமன் மச்சான், பங்காளி, சிஷ்யன் எழுதிய பத்துக் கடிதத்தைவிட, உறவோ கொடுக்கல் வாங்கலோ இல்லாத ஒரு ஆய்வாளர் எழுதும் ஒரே கடிதம் கனமானது. நாட்டார் வழக்காற்றியல் பேராசிரியர் ஒருவர் வாத்தியாரின் நோட்டைப் பார்த்து, இன்ன பாட்டின் இந்த வடிவத்தை வேறெங்கும் நான் பார்க்கவில்லை என்று எழுதினார். கோப்பில் எனக்குப் பிடித்த பக்கம் அதுதான்.

எல்லாவற்றுக்கும் முன்னால் இரண்டு பக்கத்தில் ஒரு சுருக்கம் வையுங்கள். கோப்பு முழுவதையும் படிக்க எல்லா உறுப்பினருக்கும் நேரமிருக்காது. அந்த இரண்டு பக்கத்தையாவது படித்துவிடுவார்கள். 'கலைத்தாயின் தவப்புதல்வர்', 'கொங்கு மண்ணின் மாணிக்கம்' போன்றவற்றை அதிலிருந்து எடுத்துவிடுங்கள். 'இத்தனை ஊரில், இத்தனை வருடம், கட்டணம் வாங்காமல் கற்றுக்கொடுத்தார்' என்றால் போதும். பையனுக்கு மாணிக்கத்தை விட மனசே இல்லை. மல்லுக்கட்டித்தான் எடுத்தேன்.

எதிர்மறையானது ஏதாவது இருந்தால் மறைக்க வேண்டாம். குற்ற வழக்கு நிலுவையில் இருக்கிறதா, பல்கலைக்கழகத்தோடு வியாபாரத் தொடர்பு உண்டா, தேர்தலில் நிற்கும் யோசனை இருக்கிறதா? பதவியில் இருக்கும் அரசியல்வாதிகளையும் தங்கள் ஊழியர்களையும் தவிர்க்கும் வழக்கம் உலகத்தில் பல பல்கலைக்கழகங்களில் உண்டு. நம் ஊரில் அது எவ்வளவு தூரம் பின்பற்றப்படுகிறது என்பதைப் போஸ்டர்களே சொல்லும்.

முன்மொழிவு யார் கையால் போக வேண்டும்?

கௌரவப் பட்டத்துக்கு விண்ணப்பப் படிவம் என்று ஒன்று கிடையாது. பெரியவர் தன் பெயரைத் தானே எழுதிக் கொடுத்தால் கதை அங்கேயே முடிந்தது. வெளியாட்கள் துணைவேந்தருக்கோ பதிவாளருக்கோ கடிதம் எழுதலாம். அவர்கள் பதில் போட வேண்டும் என்று கட்டாயமில்லை.

நடைமுறையில் கோப்பு நகர்வது உள்ளேயிருந்து ஒருவர் முன்மொழியும்போதுதான். துறைத் தலைவர், டீன், சிண்டிகேட் உறுப்பினர், இவர்களில் யாராவது. ஆகவே முதல் சந்திப்பு துறையில் இருக்கட்டும். பேராசிரியரைக் கும்மி நடக்கும் இடத்துக்கே அழைத்துப் போங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம். ராத்திரி பதினோரு மணி வரை கோயில் வாசலில் உட்கார்ந்திருந்துவிட்டு, "கடிதம் நான் எழுதுகிறேன்" என்று அவரே சொன்னார்.

இன்னொன்று, பெரியவரிடம் சொல்லாதீர்கள். இது எழுதப்படாத மரியாதை. பாதி வழியில் நின்றுபோகும் கோப்புகள்தான் அதிகம். கிடைக்கும் என்று சொல்லி, ஒரம்பரை, சொந்தக்காரர்கள் எல்லாம் வந்து வாழ்த்திவிட்டு, கடைசியில் கிடைக்காமல் போனால் அந்த வயதில் அது பெரிய அவமானம். வாத்தியாரிடம் 'பாட்டையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏத்தறோமுங்க' என்று மட்டும் சொல்லிவைத்தோம். பொய்யில்லை, ஏற்றத்தானே செய்தோம்.

சிண்டிகேட், செனட், வேந்தர்

பாரதியார், பெரியார் போன்ற மாநிலப் பல்கலைக்கழகங்களில் படி இப்படிப் போகும். துணைவேந்தர் முன்மொழிவைச் சிறு குழுவுக்கு அனுப்பலாம் அல்லது நேராகச் சிண்டிகேட்டில் வைக்கலாம். சிண்டிகேட் பரிந்துரைத்தால் அதைவிடப் பெரிய பொதுமன்றமான செனட்டுக்குப் போகும். செனட்டும் ஏற்றால் பல்கலைக்கழகத்தின் தலைவரான வேந்தரின் ஒப்புதலுக்குப் போகும். பல சட்டங்களில் இதற்குச் சாதாரணப் பெரும்பான்மை போதாது, மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் சம்மதிக்க வேண்டும். செனட் வருடத்துக்கு ஓரிரு முறைதான் கூடும், அதைத் தவறவிட்டால் ஆறு மாதம் போச்சு. துணைவேந்தர் பணியிடம் காலியாகி ஒருங்கிணைப்புக் குழு பார்த்துக்கொண்டிருக்கும் காலமென்றால் இன்னும் பொறுமை வேண்டும். இப்படிப்பட்ட கோப்புகளைத் தொட யாரும் துணிய மாட்டார்கள்.

வேளாண் பல்கலைக்கழகத்தில் செனட் கிடையாது, மேலாண்மை வாரியமும் கல்விக் குழுவும்தான். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களிலும் செனட் இல்லை. அங்கே வேந்தரை நியமிப்பது நிறுவனத்தை நடத்தும் அறக்கட்டளை. அதனால் வேலை வேகமாக நடக்கும். வேகமாக நடப்பதாலேயே ஊரில் கொஞ்சம் சந்தேகத்தோடும் பார்ப்பார்கள்.

வாக்கெடுப்பு வெறும் சடங்கு என்று நினைத்துவிட வேண்டாம். ஆக்ஸ்போர்டில் படித்துப் பிரதமரானவர்களுக்குக் கௌரவப் பட்டம் கொடுப்பது அங்கே வழக்கமாக இருந்தது. 1985 ஜனவரியில் மார்கரெட் தாட்சரின் பெயர் வந்தபோது, கல்விக்கான நிதியை அவர் வெட்டினார் என்ற கோபத்தில் ஆசிரியர்கள் 738க்கு 319 என்று தோற்கடித்தார்கள். பதவியிலிருக்கும் பிரதமருக்கே அந்தக் கதி.

இரண்டு மன்றமும் தாண்டி வேந்தரிடம் நிற்பதும் உண்டு. தமிழ்நாட்டின் பெரும்பாலான மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு ஆளுநர்தான் வேந்தர். 2023இல் விடுதலைப் போராட்ட வீரர் என். சங்கரய்யாவுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்க மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் சிண்டிகேட்டும் செனட்டும் தீர்மானம் போட்டன. ஆளுநர் ஆர்.என். ரவி கையெழுத்திடவில்லை. நவம்பர் 2ஆம் தேதி நடந்த பட்டமளிப்பு விழாவை உயர்கல்வி அமைச்சர் பொன்முடி புறக்கணித்தார். நூறு வயதைக் கடந்திருந்த சங்கரய்யா அதே மாதம் 15ஆம் தேதி காலமானார். தாளில் இரண்டு தீர்மானம் இருந்தது, பட்டம் இல்லை. எழுபதைத் தாண்டியவருக்குக் கோப்பு போடுகிறவர்கள் இந்தச் சம்பவத்தை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

வேந்தர் யார் என்பதைப் பொறுத்து வேகம் மாறும் என்பதற்கும் அதே மாதத்தில் ஒரு உதாரணம் உண்டு. சென்னையிலுள்ள இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகத்துக்கு, 2013ஆம் வருடச் சட்டப்படி, முதலமைச்சரே வேந்தர். 2023 நவம்பரில் பின்னணிப் பாடகி பி. சுசீலாவுக்கு அங்கே கௌரவ டாக்டர் பட்டத்தை வழங்கியவர் முதலமைச்சர்தான். இந்தப் பல்கலைக்கழகம் பற்றிப் பையனிடம் சொன்னபோது, "அப்போ நாம அங்கயே போயிருக்கலாமுங்களே" என்றான். போகலாம், கும்மி கலைதானே. ஆனால் வாத்தியாரின் வேலையை நேரில் பார்த்தவர்கள் இங்கேதான் இருக்கிறார்கள் என்று சொல்லி நிறுத்திவைத்தேன்.

சம்மதம்

எல்லாம் முடிந்த பிறகே பல்கலைக்கழகம் பெரியவருக்குக் கடிதம் அனுப்பும். ஏற்கச் சம்மதமா, நேரில் வர முடியுமா என்று கேட்கும். மறுக்கலாம். ராகுல் திராவிட் 2017 ஜனவரியில் பெங்களூர்ப் பல்கலைக்கழகம் தர முன்வந்த பட்டத்தை வேண்டாமென்றார். விளையாட்டுத் துறையில் ஆய்வு செய்தே டாக்டர் பட்டம் வாங்கப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டார். மனிதர் ஆட்டமும் அப்படித்தான், அவசரமே கிடையாது.

நேரில் வர முடியாதவருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்வது உண்டு. 1940இல் தாகூரால் பயணம் செய்ய முடியாத நிலையில் ஆக்ஸ்போர்டு தன் பிரதிநிதிகளைச் சாந்திநிகேதனுக்கே அனுப்பி விழா நடத்திப் பட்டம் கொடுத்தது. எல்லாருக்கும் அப்படி வர மாட்டார்கள், கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை.

விழா நாள்

பெயர். முதலில் பெயரைச் சரிபாருங்கள். ஆதாரில் ஒன்று, ஊரில் கூப்பிடுவது ஒன்று, அழைப்பிதழில் இன்னொன்று. என் பணிக்காலத்தில் ஒரு பெரியவரின் தலைப்பெழுத்து சான்றிதழில் மாறி அச்சாகிவிட்டது. முந்தின நாள் இரவு பத்தரை மணிக்குத்தான் கண்டுபிடித்தோம். மறுபடி அச்சடித்து, காய்வதற்குள் மின்விசிறி அடியில் விரித்துவைத்து, காலையில் வேந்தர் கையில் போகிற வரைக்கும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. தமிழ் எழுத்துக்கூட்டு, ஆங்கில எழுத்துக்கூட்டு இரண்டையும் எழுதி, குடும்பத்தில் ஒருவரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

பாராட்டுரை அடுத்தது. மேடையில் பெரியவர் நிற்கும்போது படிப்பது, இரண்டு மூன்று நிமிடம். கோப்பின் அந்த இரண்டு பக்கச் சுருக்கத்திலிருந்துதான் பெரும்பாலும் எழுதுவார்கள். சுருக்கம் நன்றாக இருந்தால் மேடையும் நன்றாக இருக்கும். கால்வலிக்காரர் என்றால் நாற்காலி போடச் சொல்லுங்கள். ஊர்வலத்தில் பதிவாளர், செனட், சிண்டிகேட் உறுப்பினர்கள், துணைவேந்தர், இணைவேந்தர், வேந்தர் என்று மெதுவாகத்தான் நடப்பார்கள், ஆனாலும் தூரம் அதிகம்.

உடுப்பு? மேலங்கியைப் பல்கலைக்கழகமே தரும். உள்ளே வேட்டி சட்டை போதும். பட்டமளிப்பு அங்கிகளுக்குக் கைத்தறித் துணியைப் பயன்படுத்தச் சொல்லி மானியக் குழு 2019இல் பல்கலைக்கழகங்களுக்கு எழுதியது. சென்னிமலைத் தறிகளுக்கு அதிலிருந்து பெரிய ஆர்டர் வரும் என்று ஆசைப்பட்டவர்களில் நானும் ஒருவன்.

வேறு விருதுகளும் இருக்கின்றன

உண்மையைச் சொன்னால், வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேரிடம் நான் கௌரவப் பட்டத்தை விட்டுவிட்டு வேறொன்றைப் பார்க்கச் சொல்வேன்.

உழவர் என்றால் வேளாண் பல்கலைக்கழகம் முன்னோடி உழவர்களுக்குக் கொடுக்கும் வேளாண் செம்மல் விருது இருக்கிறது. கலைஞர் என்றால் மாவட்டக் கலை மன்றங்கள் வயதுவாரியாகக் கலை இளமணி, வளர்மணி, சுடர்மணி, நன்மணி, முதுமணி என்று கொடுக்கின்றன. மேலே போனால் கலைமாமணி. பத்ம விருதுகளுக்கு யார் வேண்டுமானாலும், தனக்குத்தானேகூட, இணையத்தில் பரிந்துரைக்கலாம். ஒவ்வொரு வருடமும் குறிப்பிட்ட சில மாதங்கள் தளம் திறந்திருக்கும், சாதனையை எண்ணூறு சொல்லுக்குள் எழுத வேண்டும். கோவையைச் சேர்ந்த வள்ளி ஒயில் கும்மிக் கலைஞர் பத்திரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீ வந்தது. தேக்கம்பட்டி பாப்பம்மாள் பாட்டிக்கு இயற்கை விவசாயத்துக்காக 2021இல் வந்தது. இருவருக்கும் எந்தப் பல்கலைக்கழகச் சான்றிதழும் தேவைப்படவில்லை.

குடும்பத்துக்கு வசதியிருந்தால் இன்னொரு வழி, பெரியவர் பெயரில் அறக்கட்டளைப் பரிசு. பல்கலைக்கழகத்தில் ஒரு தொகையைக் கட்டினால் அதை வைப்புநிதியாகப் போட்டு, வட்டியில் வருடாவருடம் ஒரு மாணவருக்குப் பதக்கமோ பரிசோ சொற்பொழிவோ ஏற்பாடு செய்வார்கள். ஒன்று கவனியுங்கள். 'தங்கப் பதக்கம்' என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் பின்னால் வருந்தியவர்கள் பலர். ஒரு லட்சத்துக்கு ஆறு சதவீத வட்டி என்றால் ஆறாயிரம், இன்றைய விலையில் ஒரு கிராம் தங்கம்கூட வராது. பழைய அறக்கட்டளைகள் பலவற்றில் தங்கம் முலாமாகிப்போனது இப்படித்தான். 'பதக்கம் அல்லது ரொக்கப் பரிசு, வட்டியைப் பொறுத்து' என்று எழுதிவிட்டால் பிரச்சினையில்லை.

'டாக்டர்' போடலாமா?

அரசியல் சட்டத்தின் 18ஆம் பிரிவு, ராணுவ, கல்விச் சிறப்புகளைத் தவிர வேறு எந்தப் பட்டத்தையும் அரசு வழங்கக் கூடாது என்கிறது. பத்ம விருதுகளைப் பெயருக்கு முன்னாலோ பின்னாலோ சேர்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1995இல் சொல்லியிருக்கிறது. கௌரவ டாக்டர் கல்விச் சிறப்பு என்பதால் அந்தத் தடை இங்கே பொருந்தாது. இருந்தாலும் உலகெங்கும் உள்ள வழக்கம், கௌரவப் பட்டம் பெற்றவர் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' போடுவதில்லை என்பதே. பட்டத்தைச் சொல்ல வேண்டிய இடத்தில் 'டி.லிட்., கௌரவம்' என்று பின்னால் எழுதலாம். தமிழ்நாட்டில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று தெரியும். கல்யாணப் பத்திரிகையில் போடுங்கள், யாரும் கேட்கப் போவதில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டிலோ, வேலைக்கான விண்ணப்பத்திலோ, நீதிமன்றத் தாளிலோ போட்டால் சிக்கல்.

கொடுத்ததைத் திரும்பப் பெறவும் முடியும். எடின்பரோ பல்கலைக்கழகம் ஜிம்பாப்வே அதிபராக இருந்த ராபர்ட் முகாபேக்குக் கொடுத்திருந்த பட்டத்தை 2007இல் பறித்தது. நம் கும்மி வாத்தியார் விஷயத்தில் அந்தக் கவலை வேண்டியதில்லை.

கோப்பு இப்போது துறையிலிருந்து பதிவாளர் அலுவலகத்துக்குப் போயிருக்கிறது. அடுத்த சிண்டிகேட் கூட்டத்தில் வருமா, அதற்கடுத்ததில் வருமா என்று பார்க்க வேண்டும். ஒப்புகைச் சீட்டை வாத்தியாரின் மருமகள் சமையலறை டப்பாவில் ஒளித்து வைத்திருக்கிறார். நேற்று ராத்திரி பையன் மறுபடி போன் செய்தான்.

"ஏனுங்ணா, பிளக்ஸ் டிசைன் மட்டும் பண்ணி வெச்சுக்கலாமுங்களா?"